கிராஃபீன் கலந்த பிளாஸ்டிக் மின்னணுவியலில் எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மின்னணுவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிராஃபீன்–பாலிமர் கலவைகளைப் பற்றி இருபது ஆண்டுகளாக வியப்பான செய்திகள் வந்தபடி இருக்கின்றன. ஆனால் கையில் இருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இது சிலிக்கானின் இடத்தைப் பிடிக்குமா? உண்மையில் எங்கே பயன்படுகிறது? இதில் ப்ராஜெக்ட் செய்தால் உருப்படியாக ஏதாவது தேறுமா?"

கிராஃபீன் என்பது ஒற்றை அணு தடிமனே உள்ள கார்பன் தாள். பாலிமர் என்பது பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நீண்ட சங்கிலிப் பொருள். சிலிக்கான் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பிடிக்காது. டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை விடவும் வேண்டும், தடுத்து நிறுத்தவும் வேண்டும். நிறுத்துவதற்குப் பொருளுக்குள் எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஓர் ஆற்றல் இடைவெளி தேவை. சிலிக்கானில் அது 1.1 எலக்ட்ரான்வோல்ட்; கிராஃபீனில் பூஜ்யம். முழுமையாக அணைக்கவே முடியாத சுவிட்சை வைத்துக்கொண்டு கணிப்பொறி கட்ட முடியாது. கிராஃபீனை மெல்லிய நாடாக்களாக நறுக்கி அந்த இடைவெளியை உண்டாக்கும் ஆராய்ச்சிகள் தனிக்கதை. பாலிமருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பாலிமரில் கலக்கும் கிராஃபீன், சில்லை, அதாவது சிப்பைச் செய்வதற்கு அல்ல. சில்லை வைக்கும் தட்டு, மூடும் உறை, ஒட்டும் பசை, அச்சிடும் மை, உடம்பில் ஒட்டும் உணரி என்று சில்லைச் சுற்றி இருப்பவற்றில்தான் அதற்கு வேலை. செய்திகளில் இவை இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதால்தான் எதிர்பார்ப்பு எங்கோ போய் நிற்கிறது.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவொசெலோவும் ஒட்டும் டேப்பைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து ஒற்றை அணு அடுக்கைப் பிரித்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதன் விறைப்பை ஏறத்தாழ 1 டெராபாஸ்கல் என்று அளந்தார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் அலெக்சாண்டர் பலாண்டினின் குழு, அறை வெப்பநிலையில் அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்–கெல்வினுக்கு 5,000 வாட் அளவில் இருப்பதாகக் கண்டது. தாமிரத்துக்கே 400தான். இந்த எண்களை எல்லா விளம்பரத் தாள்களிலும் பார்ப்பீர்கள். எண்களில் பொய்யில்லை. ஆனால் அவை அத்தனையும் ஓட்டையில்லாத, மடிப்பில்லாத, அந்தரத்தில் நிறுத்திய ஒற்றைத் தாளில் எடுத்தவை. நாம் எபாக்சி பிசினிலோ பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கிலோ கொட்டுவது அந்தத் தாளை அல்ல. கிழிந்து, கசங்கி, ஐந்தும் பத்துமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான துணுக்குகளை.

ஆகவே இந்தத் துறையில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கலவையின் குணத்தைத் தீர்மானிப்பது தாள் அல்ல, ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் சிக்கியிருக்கும் சில நானோமீட்டர் பிளாஸ்டிக். எந்தப் பயன்பாட்டுக்கு அந்த இடைவெளி இடைஞ்சலில்லையோ அங்கே கிராஃபீன் கலவை தேறுகிறது. இடைவெளியே கூடாது என்று கேட்கும் பயன்பாடுகளில் அது தடுமாறுகிறது.

மின்கடத்தலில் இருந்து தொடங்குவோம். பாலிமர் இயல்பிலேயே மின்காப்பான். அதில் கிராஃபீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் முதலில் எதுவுமே நடக்காது. ஓர் அளவைத் தாண்டியதும் மின்தடை திடீரென்று கோடி மடங்கு, அதற்கும் மேலே சரியும். ஓடையைக் கடக்கக் கல் போடுவதைப் போலத்தான்: பாதி தூரம் வரை போட்ட கற்களால் யாருக்கும் பயனில்லை, கடைசிக் கல் விழுந்ததும் ஊரே கடந்து போகும். துறையில் இதைப் பெர்கொலேஷன் வாசல் என்கிறார்கள். கறுப்புப் புகைக்கரியான கார்பன் பிளாக்கைக் கொண்டு இந்த வாசலைத் தொடுவதற்கு எடையில் 15, 20 சதவீதம் என்று கொட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு கரியைத் தின்ற பிளாஸ்டிக் நொறுங்கும், அச்சில் ஒழுங்காகப் பாயாது. தாள் வடிவம் இங்கேதான் கைகொடுக்கிறது. 1 நானோமீட்டர் தடிமனும் 5 மைக்ரான் அகலமும் உள்ள தாளில் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 5,000. விகிதம் ஏற ஏற வாசல் இறங்கும்.

2006இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராட்னி ரூஃபின் குழு இதைச் செய்து காட்டியது. ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீனான கிராஃபீன் ஆக்சைடை ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளால் பதப்படுத்தி, பாலிஸ்டைரீன் கரைசலில் பிரித்துப் பரப்பி, பாலிமர் கூடவே இருக்கும்போதே வேதிமுறையில் ஆக்சிஜனை இறக்கினார்கள், அதாவது நீக்கினார்கள். பாலிமர் இல்லாமல் இறக்கியிருந்தால் தாள்கள் மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிராஃபைட்டாகவே ஆகியிருக்கும். பாலிமர் நடுவில் புகுந்து அதைத் தடுத்தது. கன அளவில் வெறும் 0.1 சதவீதத்தில் வாசல் திறந்துகொண்டது. 1 சதவீதத்தில், கடத்துத்திறனின் அலகான சீமென்ஸில் சொன்னால், மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 சீமென்ஸ் கடத்தியது. கிராஃபீன் கலவைகளின் வரலாறு இந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் சூடு பிடித்தது.

ஆனால் 0.1 சீமென்ஸை நினைத்துப் பாருங்கள். தாமிரம் மீட்டருக்கு 5.8 கோடி சீமென்ஸ். கிராஃபீனின் புகழ்பெற்ற கடத்துத்திறன் எங்கே போயிற்று? சந்துகளில் போயிற்று. எலக்ட்ரான் ஒரு தாளுக்குள் தடையின்றி ஓடிவிடும். அடுத்த தாளுக்குத் தாவ, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சுரங்க விளைவால், அதாவது தடுப்பை ஏறிக் கடக்காமல் அதனூடே நுழையும் குவாண்டம் வழியால், ஊடுருவ வேண்டும். படலம் சற்றே தடித்தாலும் தடை அடுக்கடுக்காக ஏறும். இதற்கு நேரெதிரான சான்று சீனாவின் ஷென்யாங்கில் உள்ள உலோக ஆய்வு நிறுவனத்திலிருந்து 2011இல் வந்தது. நிக்கல் நுரையின்மேல் கிராஃபீனை வளர்த்து, நிக்கலை அமிலத்தில் கரைத்துவிட்டு, எஞ்சிய வெற்று வலைப்பின்னலில் சிலிகோன் ரப்பரை ஊற்றினார்கள். எடையில் 0.5 சதவீத கிராஃபீன்தான். கடத்துத்திறனோ மீட்டருக்கு 1,000 சீமென்ஸ் அளவில் வந்தது. பாலிஸ்டைரீன் கலவையைவிடப் பத்தாயிரம் மடங்கு. வலை முழுதும் ஒரே துண்டாக வளர்ந்தது, தாவ வேண்டிய சந்தே இல்லை என்பதுதான் காரணம். என்ன ஒன்று, நிக்கல் நுரையை வாங்கி, 1,000 டிகிரி உலையில் கிராஃபீனை வளர்த்து, பிறகு அந்த நிக்கலையே கரைத்து வீணாக்கும் முறையை வைத்துக்கொண்டு பத்து ரூபாய்ப் பொருளைச் செய்ய முடியாது.

அச்சிடும் மையிலும் இதே வழக்கு. கிராஃபீன் மை காகிதத்தில் ஒட்டிக்கொள்ள பாலிமர் பசை வேண்டும். அந்தப் பசையே தாள்களுக்கு நடுவில் நின்று மின்சாரத்தைத் தடுக்கும். 2015இல் மான்செஸ்டரில் பசையே இல்லாத மையைக் காகிதத்தில் அச்சிட்டு, உருளையில் அழுத்தி நெருக்கினார்கள். மீட்டருக்கு 43,000 சீமென்ஸ் கிடைத்தது. வளையக்கூடிய ஆன்டெனா செய்ய அது போதும். பாலிமரை நீக்கியதால் கிடைத்த வெற்றி என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வெப்பத்தின் கதை இன்னும் கடினம். மின்சாரத்தில் கிராஃபீனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வேறுபாடு பதினெட்டு, இருபது இலக்கங்கள். அதனால் ஒரு மெல்லிய பாதை கிடைத்தாலே வித்தியாசம் வானத்துக்கும் பூமிக்குமாகத் தெரிகிறது. வெப்பத்தில் அந்த வேறுபாடு நாலைந்து இலக்கங்கள்தான்: எபாக்சிக்கு 0.2 வாட், கிராஃபீனுக்குச் சில ஆயிரம். பாதை உருவானாலும் திடீர்த் தாவல் எதுவும் வராது, மெல்லத்தான் ஏறும். அதோடு வெப்பத்தைச் சுமப்பவை அணுக்களின் அதிர்வுகள். விறைப்பான கிராஃபீன் தாளின் அதிர்வும் தளர்வான பாலிமர் சங்கிலியின் அதிர்வும் ஒத்துப்போவதில்லை. ஒவ்வோர் எல்லையிலும் வெப்பத்தின் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுகிறது. எலக்ட்ரானுக்காவது சுரங்க விளைவு இருக்கிறது. அதிர்வுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. 2012இல் பலாண்டினின் குழு கன அளவில் 10 சதவீதம் சேர்த்து எபாக்சியை ஏறத்தாழ 5 வாட்டுக்குக் கொண்டுவந்தது. எபாக்சிக்கு அது 20 மடங்குக்கும் மேலான உயர்வு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 5,000 வாட் சரக்கைப் பத்தில் ஒரு பங்கு போட்டு 5 வாட் எடுத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

"போனில் கிராஃபீன் குளிரூட்டி" என்று விளம்பரம் வந்ததே என்பீர்கள். 2018இல் ஹுவாவே தன் மேட் 20 எக்ஸ் போனில் அப்படித்தான் அறிவித்தது. அது கலவை அல்ல, படலம். போன்களின் உள்ளே கரும்பளபளப்பாக ஒட்டியிருக்கும் கிராஃபைட் படலங்கள் பல பாலிஇமைடு என்ற பாலிமர் படலத்தை 3,000 டிகிரிக்கு நெருக்கமாகச் சுட்டுச் செய்யப்படுபவை. கிராஃபீன் படலத்தைக் கிராஃபீன் ஆக்சைடிலிருந்து ஏறத்தாழ அதே வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். சூட்டில் மற்றவை எல்லாம் வெளியேறிக் கார்பன் அடுக்குகள் மட்டும் ஒழுங்காகப் படுத்துக்கொள்கின்றன. படலத்தின் பரப்பு வழியே வெப்பம் தாமிரத்தைவிட வேகமாகப் பரவுகிறது. குறுக்கே, அதாவது சில்லிலிருந்து வெளி உறைக்கு, அவ்வளவு நன்றாகப் போகாது. அங்கே பசை வேண்டும். அந்தப் பசையில் கிராஃபீனைக் கலந்தால் அது மின்சாரத்தையும் கடத்தி, சில்லின் ஓர் இணைப்புக் காலைப் பக்கத்துக் காலோடு குறுக்குச்சுற்று ஆக்கிவிடும் அபாயம் உண்டு. மின்காப்பும் சேர்ந்து தேவைப்படும் இடங்களில் போரான் நைட்ரைடையும் அலுமினாவையும் பயன்படுத்துவது பழமைப் பிடிவாதத்தால் அல்ல.

இனி, உண்மையில் தேறிய இடங்கள்.

முதலாவது, யாரும் செய்தியாக்காத நிலைமின் தடுப்பு. குளிர்ந்த நாளில் கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சில்லுகள் சாவதற்கு 100 வோல்ட்டே போதும், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் சில்லுகளை வைக்கும் தட்டு, பெட்டி, பை எல்லாம் மின்னூட்டத்தை மெதுவாகக் கசியவிட வேண்டும். தேவைப்படுவது சதுரத்துக்குப் பத்து லட்சம் ஓம் முதல் நூறு கோடி ஓம் வரையிலான மேற்பரப்புத் தடை. கவனியுங்கள்: இங்கே சிறந்த கடத்தி தேவையில்லை, சிறந்த கடத்தி கெடுதல்கூட, மின்னூட்டம் பொறியாகப் பாய்ந்துவிடும். தாள்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் இருப்பது இங்கே குறையே அல்ல. கார்பன் பிளாக் தட்டு தேய்ந்தால் கரித்தூள் உதிரும், அது சில்லின்மேல் படியும். குறைவாகச் சேர்த்தாலே வேலை முடியும் கிராஃபீனில் அந்த உதிர்வைக் குறைக்க வழி இருக்கிறது. விலைப் போட்டி மட்டுமே தடை. கார்பன் பிளாக் டயர் தொழிலுக்காகவே மலைமலையாகத் தயாராவதால் அதன் விலைக்கு இறங்குவது கடினம்.

இரண்டாவது, மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் உறை. 20 டெசிபல் தடுப்பு என்றால் அலையின் ஆற்றலில் 99 சதவீதம் நிற்கிறது. 30 டெசிபல் என்றால் 99.9. பெரும்பாலான நுகர்வோர் கருவிகளுக்கு 20 டெசிபல் போதும். மேலே சொன்ன ஷென்யாங் நுரையே 2013இல் 1 சதவீதத்துக்கும் குறைவான கிராஃபீனில் 30 டெசிபலைத் தொட்டது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.06 கிராம்தான். உலோக உறை அலையைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பும், அது பக்கத்துச் சுற்றைத் தொந்தரவு செய்யும். நுரைக் கலவையில் அலை உள்ளே புகுந்து, தாளுக்குத் தாள் மோதி, வெப்பமாகக் கரைகிறது. எடையைக் கிராம் கணக்கில் பார்க்கும் விமானம், செயற்கைக்கோள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் எடை பொருட்டில்லாத இடத்தில் தாமிரப் படலத்தை வெல்ல முடியாது. போட்டிக்கு மெக்ஸீன் என்ற இன்னொரு தாள் பொருளும் வந்துவிட்டது: ட்ரெக்ஸல் பல்கலைக்கழகமும் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் 2016இல் 45 மைக்ரான் படலத்தில் 92 டெசிபல் காட்டின. மெக்ஸீன் ஈரக்காற்றில் மெல்ல ஆக்சைடாகிக் கெடும் என்பது கிராஃபீனுக்கு ஆறுதல்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, இழுவிசை உணரிகள். தாள்களுக்கு நடுவிலான சந்துதான் கலவையின் பலவீனம் என்றேன். இங்கே அந்தப் பலவீனமே மூலதனம். சிலிகோன் பட்டையை இழுத்தால் சந்துகள் விரியும், மின்தடை சட்டென்று ஏறும். சாதாரண உலோக உணரியில் நீளம் 1 சதவீதம் கூடினால் மின்தடை 2 சதவீதம் கூடும். அந்த விகிதத்தை கேஜ் எண் என்போம், உலோகத்துக்கு அது 2. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மனின் குழு, குழந்தைகள் விளையாடும் சிலிகோன் மாவில் கிராஃபீனைப் பிசைந்து 2016இல் 500க்கும் மேற்பட்ட கேஜ் எண்ணைக் காட்டியது. கழுத்துத் தமனியின்மேல் வைத்தால் நாடித்துடிப்பு வரைபடமாக விழுந்தது. சிறு சிலந்தி ஒன்று அதன்மேல் நடந்தபோது ஒவ்வோர் அடியும் பதிவானது.

இப்படிப்பட்ட பட்டை ஒன்றை மேசைமேல் வைத்து நீங்களே இழுத்துப் பார்த்தால் ஆய்வுக் கட்டுரைகளில் பெரிதாகப் பேசாத இன்னொன்று கண்ணில் படும். இரு முனையிலும் மல்டிமீட்டர் முனைகளைப் பொருத்தி மெல்ல இழுங்கள்: எண் ஏறும். விட்டுவிடுங்கள்: இறங்கும், ஆனால் தொடங்கிய இடத்துக்கு உடனே வராது. கொஞ்சம் மேலேயே நின்று, நிமிடக்கணக்கில் ஊர்ந்து இறங்கும். மறுபடி இழுத்தால் முதல் தடவை வந்த எண் வராது. ரப்பர் சங்கிலிகள் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கின்றன. தாள்கள் இடம் மாறி வேறு பாதை போட்டுக்கொள்கின்றன. அறையின் சூடு மாறினாலும் எண் மாறும். துடிப்பை எண்ணுவதற்கு இது பிரச்சினையில்லை, ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதும். இரத்த அழுத்தத்தை இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல வேண்டுமென்றால் இந்த ஊர்தல்தான் எமன். சந்தைக்கு வராமல் ஆய்வகத்திலேயே தங்கிவிட்ட உணரிகள் பலவற்றுக்கு உணர்திறன் குறையில்லை, நிலைத்தன்மைதான் குறை.

மின்தேக்கிகளுக்கான பொருளாகவும் முயல்கிறார்கள். பெர்கொலேஷன் வாசலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், மின்னூட்டத்தைத் தேக்கும் திறனைக் காட்டும் மின்காப்பு மாறிலி வெகுவாக உயரும். கூடவே கசிவும் உயர்ந்து, தாங்கும் மின்னழுத்தம் சரிவதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. தொடுதிரைக்கான ஒளிபுகும் மின்முனையில், 2010இல் தென்கொரியாவின் சுங்க்யுங்க்வான் பல்கலைக்கழகமும் சாம்சங்கும் சேர்ந்து 30 அங்குலப் படலத்தைத் தாமிரத் தகட்டில் வளர்த்து பிளாஸ்டிக்குக்கு மாற்றிக் காட்டியது பெரும் சாதனைதான். ஒற்றை அடுக்கு 2.3 சதவீத ஒளியை மட்டுமே விழுங்குவதால் அது சாத்தியமாயிற்று. ஆயினும் அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு இன்றும் அசையவில்லை.

இவற்றைவிடச் சுவையானது லேசர் முறை. 2014இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு, சாதாரணப் பாலிஇமைடு படலத்தின்மேல் கார்பன் டைஆக்சைடு லேசரை ஓட்டினால் அது பட்ட கோடு முழுதும் நுண்துளை கிராஃபீனாக மாறுவதைக் கண்டது. அமிலமும் வேண்டாம், தூளும் வேண்டாம், கலக்கவும் வேண்டாம். மரப்பலகையில் பெயர் பொறிக்கும் கடையில் இருக்கும் இயந்திரமே போதும். மேலே சிலிகோனை ஊற்றி உரித்தெடுத்தால் வளையும் மின்சுற்று கையில் வந்துவிடும்.

இனி கலக்கும் வேலை. கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடும் இந்த இடத்தில்தான் பெரும்பாலானவை தோற்கின்றன. கிராஃபீன் தூள் எடையே இல்லாதது போல் இருக்கும்; குப்பியைத் திறந்த கையோடு மின்விசிறியைப் போட்டால் மேசை, சட்டை, மூக்கு எல்லாம் கறுப்பு. முகக்கவசமும் புகைபோக்கிப் பெட்டியும் கட்டாயம். எபாக்சியில் எடையில் 1 சதவீதம் போட்டாலே பிசின் கெட்டியாகி, கிளறும் கோலோடு சேர்ந்து எழும்பும். இருக்காதா பின்னே? 1 கிராம் கிராஃபீனை முழுதும் ஒற்றை அடுக்காகப் பிரித்தால் இருபுறமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர், அதாவது 65 சென்ட் நிலம். அத்தனை பரப்பையும் பிசின் நனைக்க வேண்டும். உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகளை வெற்றிடத்தில் எடுக்க வேண்டும். எடுப்பதற்காகச் சூடாக்கிப் பிசினை இளக்கினால் தாள்கள் கும்பலாகத் திரண்டு அடியில் படியும். உறைந்த தகட்டை அச்சிலிருந்து கழற்றி அடிப்பக்கம் மீட்டரை வைத்தால் கடத்தும், மேல்பக்கம் வைத்தால் முள் அசையாது. இரண்டு பக்கத்தையும் அளக்காமல் ஓர் எண்ணை எழுதிவிட்டால் ஒரே தகட்டுக்கு இரண்டு கட்டுரை எழுதலாம்.

கரைசலில் கலந்தால் நன்றாகப் பிரியும், கரைப்பானை ஓட்டுவது செலவு. தொழிற்சாலைக்குத் தோதானது இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் உருக்கிக் கலப்பது. ஆனால் அந்தத் திருகின் அரைப்பில் தாள்கள் உடைந்து சிறுத்துப்போகும், 5,000 என்று சொன்ன விகிதம் நூறுக்குச் சரியும், வாசல் மேலே ஏறிவிடும். ஆய்வகத்தில் 0.1 சதவீதத்தில் கடத்தியது தொழிற்சாலையில் ஏன் பல மடங்கு கேட்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தத் திருகுதான்.

மூலப்பொருள் நமக்கு அருகிலேயே இருக்கிறது. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் செதில் கிராஃபைட்டை வெட்டிச் சுத்திகரிக்கிறது. இலங்கையின் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து உலகில் வேறெங்கும் வணிக அளவில் கிடைக்காத நரம்புக் கிராஃபைட் வருகிறது, அதில் சில தரங்கள் 99 சதவீதத்துக்கும் மேல் தூய கார்பன். ஆனால் கிராஃபைட் இருப்பதாலேயே கிராஃபீன் வந்துவிடாது. விலை ஏறுவது பிரிப்பதில்தான். 1 மில்லிமீட்டர் கிராஃபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் அடுக்குகள். 1958இல் ஹம்மர்ஸ் வகுத்த முறையில் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஊறவைத்தால் அடுக்குகள் விலகும், ஆனால் தாளெங்கும் ஆக்சிஜன் ஒட்டி அது மின்காப்பானாகிவிடும். பிறகு ஆக்சிஜனை இறக்கினாலும் ஓட்டைகள் மிஞ்சும். கோல்மனின் குழு 2014இல் காட்டிய வழி வேறு: சோப்பு நீரில் கிராஃபைட்டைப் போட்டு வேகமாகச் சுழற்றுவது, சமையலறை மிக்ஸியே போதும் என்றார்கள். ஓட்டையில்லாத தாள் கிடைக்கும். ஆனால் சிறியதாகவும் பல அடுக்குகளாகவும் இருக்கும்.

வாங்கும் தூளை நம்பலாமா? 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு உலகின் 60 நிறுவனங்களின் கிராஃபீனை வாங்கிச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் பத்து அடுக்குக்கு உட்பட்ட கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. எந்த ஒன்றிலும் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி, நன்றாக அரைத்த கிராஃபைட். "கிராஃபீன் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று வரும் புலம்பல்களில் எத்தனை பேர் உண்மையில் கிராஃபீனைப் போட்டார்கள் என்பது தனிக் கேள்வி.

ப்ராஜெக்ட் செய்யுங்கள், நல்ல தலைப்பு. ஆனால் ஹம்மர்ஸ் முறையை ஆசிரியர் கூட இல்லாமல் கல்லூரி ஆய்வகத்தில் முயல வேண்டாம். பெர்மாங்கனேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு 55 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கும். தூளாக வாங்கினால் விற்பவரிடம் அடுக்கு எண்ணிக்கை, தாளின் அகலம், ஆக்சிஜன் அளவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், முடிந்தால், சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு அடுக்குகளைக் காட்டும் ராமன் நிறமாலையை நீங்களே எடுத்துப் பாருங்கள். ஆக்சைடாக வாங்கினால் ஆக்சிஜனை இறக்குவதற்கு ஹைட்ரசீன் வேண்டாம், அது நஞ்சு. வைட்டமின் சி போதும்.

தலைப்பாக இழுவிசை உணரியை எடுங்கள். புதிய கேஜ் எண் சாதனையைத் துரத்த வேண்டாம், அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரே கலவையில் பட்டைகளை வார்த்து, ஆயிரம் முறை இழுத்துவிட்டு, எண் எவ்வளவு ஊர்கிறது, எந்தப் பாலிமரில் குறைவாக ஊர்கிறது, ரப்பர் சங்கிலிகளைப் பிணைக்கும் குறுக்கிணைப்பைக் கூட்டினால் ஊர்தல் அடங்குகிறதா என்று பாருங்கள். மின்தடையை முதலைவாய்க் கிளிப் இரண்டைக் கவ்வவிட்டு அளக்காதீர்கள். அப்போது கிடைப்பது பாதி கிளிப்பின் தொடுதடை. வெள்ளிப் பசையில் நான்கு முனைகளைப் பதித்து, வெளி இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை எடுங்கள். ஒவ்வொரு பட்டையையும் தகட்டின் எந்த உயரத்திலிருந்து வெட்டினீர்கள் என்பதையும் அன்றைய அறை வெப்பநிலையையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.